பாவு காயும் காற்று

பஸ் பலகையில் ஆர்.கே.பேட்டை என்றுதான் இருக்கும். முழுப்பெயர் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை. அத்தனை நீளப் பெயரை ஊருக்குள் யாரும் வாயால் சொல்வதில்லை. திருத்தணி முருகன் மலைக்கு மேற்கே, சோளிங்கருக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கிடக்கிற ஊர். கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும். தெருவுக்குள் நுழைந்துவிட்டால் இரண்டு மொழியையும் விடத் தறிச் சத்தம்தான் அதிகம். பக்கத்துப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே நெசவுதான் சோறு போடுகிறது.

மற்ற ஊர்களில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் விவசாயி. இங்கே நெய்பவரும் பார்க்கிறார். காரணம் பாவு. தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல்தான் பாவு. குறுக்கே நாடாவோடு போய் வருவது ஊடை. ஊடை நூலுக்குப் பெரிய கஷ்டம் கிடையாது. பாவு நூலோ நாள் முழுக்க இழுபடும், அச்சில் உரசும், விழுதில் ஏறி இறங்கும். வெறும் நூலாகப் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் அதற்குக் கஞ்சி போட்டு முறுக்கேற்றுகிறார்கள். விசைத்தறிக்கு இந்த வேலை சைசிங் ஆலையிலேயே முடிந்து, பாவு பீமாகச் சுற்றி வந்துவிடும். கைத்தறிக்கு இன்னும் சில இடங்களில் தெருப்பாவுதான். விடியற்காலையில் தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷால் நீவி, வெயில் ஏறுவதற்குள் காய வைத்துச் சுற்றிவிட வேண்டும். ரொம்ப வேகமாகக் காய்ந்தால் நூல் மொடமொடத்து ஒடியும். காயாமல் கிடந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு மழை விழுந்தால் கஞ்சி, கூலி, நாள் எல்லாம் சேர்ந்து சாக்கடையில் போகும்.

ஒரு புரட்டாசிக் காலை. தீபாவளிக்கு முன் சேலைகளை இறக்கிக் கொடுத்தாக வேண்டும். முன்பணம் வாங்கி, அது செலவாகியும் விட்டது. எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிற பேத்தி செல்போனைப் பார்த்துச் சொல்கிறாள்.

"தாத்தா, இன்னிக்கு மழை நாப்பது சதவீதம்னு போட்டிருக்கு."

"நாப்பதுன்னா பாவு போடலாமா, வேணாமாம்மா?"

"அதையெல்லாம் இது சொல்லாது தாத்தா."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி வேப்பமரத்தைப் பார்க்கிறார். இலைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கொஞ்ச நேரம் கவனிக்கிறார். "காத்து இன்னும் மேலண்டைலேர்ந்துதான் வருது. கீழண்டை திரும்பல. இப்பவே போட்டு, பத்து மணிக்குள்ள சுத்திடணும்."

அவர் மரத்திடம் கேட்டது காற்றின் வேகத்தை அல்ல, அது எங்கே பிறந்தது என்பதை. வானிலை அறிவியலில் பெரிய பெரிய வரைபடங்கள் போட்டுச் சொல்வதும் அடிப்படையில் இந்த ஒரே கேள்வியைத்தான்!

தமிழில் இந்தக் கேள்விக்குப் பழைய பதில் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள். கோடை என்றால் வெயில் காலம் என்றும் பொருள். திசையைச் சொன்னாலே குணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஈழத்தில் தென்திசைக் காற்றைச் சோளகம் என்பார்கள். மட்டக்களப்புப் பக்கம் மலை இறங்கி வருகிற சுடுகாற்றுக்குக் கச்சான் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் யாரும் வெப்பமானி வைத்திருக்கவில்லை. உடம்பில் பட்டதை வைத்தே வகை பிரித்திருக்கிறார்கள்.

அறிவியல் இதைக் காற்றுத்திரள் என்கிறது. ஊறுகாய் ஜாடியில் கிடக்கிற மாங்காய் போலத்தான். கடலோ, பாலைவனமோ, பனிவெளியோ, ஏதோ ஒரு பெரும் பரப்பின் மேல் காற்று பல நாட்கள் பெரிதாக நகராமல் கிடந்தால் கீழே இருப்பதன் குணம் அதில் ஊறிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய ஒரே வெப்பம், ஒரே ஈரம். பிறகு அது கிளம்பிப் போகும்போது அந்தக் குணத்தையும் சுமந்துகொண்டே போகிறது. ஸ்வீடன் நாட்டு வானிலை அறிஞர் டோர் பெர்கெரான் 1928-இல் இவற்றை முறைப்படி வகைப்படுத்தினார். கடலில் பிறந்ததா நிலத்தில் பிறந்ததா, வெப்ப மண்டலமா துருவப் பக்கமா என்பதே அந்தப் பிரிவினையின் அடிப்படை.

வெப்பம் இதில் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் வரை நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் அது சுமார் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராமும் கொஞ்சமும். ஆக, சூடான ஈரக்காற்றைப் பிடித்து மேலே தூக்கிக் குளிர வைத்தால் மிச்சத் தண்ணீர் வெளியே வந்தே ஆக வேண்டும். அதுதான் மழை. யார் தூக்குகிறார்கள் என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். சில இடத்தில் மலை தூக்கும், சில இடத்தில் வெயில் தூக்கும். பூமியின் நடு அட்சரேகைகளில், அதாவது 30 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில், இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது இன்னொரு காற்றுதான்.

இந்த விஷயத்தைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். நார்வே போரில் சேரவில்லை. ஆனால் அதற்கு மேற்கே இருந்த கடலிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் தந்தியில் வந்துகொண்டிருந்த வானிலைச் செய்திகள் நின்றுபோயின. அந்த நாட்டுக்கு வானிலை வருவதே மேற்கிலிருந்துதான்! மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் முன்னறிவிப்பு சொல்ல வழியில்லை. உணவுத் தட்டுப்பாடு வேறு. 1917-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து பெர்கன் நகருக்கு வந்த வில்ஹெல்ம் பியர்க்னஸ் ஒரு மாற்று வழி செய்தார். வெளியிலிருந்து தகவல் வராவிட்டால் உள்ளேயே நெருக்கமாக எடுப்பது. கடற்கரை நெடுகப் புதிதாகக் கவனிப்பு நிலையங்கள் போடப்பட்டன. புள்ளிகள் நெருக்கமானதும், அதுவரை மங்கலாகத் தெரிந்த புயலுக்குள் கத்தியால் வெட்டியது போலக் கோடுகள் தெரிந்தன. ஒரு பக்கம் குளிர்ந்த காற்று, மறுபக்கம் வெதுவெதுப்பான காற்று, நடுவில் ஒரு எல்லை. போர்முனை என்ற பேச்சு தினமும் காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்த எல்லைக்கும் முனை என்றே பெயர் வைத்தார்கள். நம் பாடநூல்களில் அது வளிமுகம்.

இதை எழுதியது வில்ஹெல்மின் மகன் ஜேக்கப் பியர்க்னஸ். 1919-இல் வெளிவந்த அந்தக் கட்டுரை மொத்தம் எட்டுப் பக்கம். அதை எழுதியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. பி.காம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று முழிக்கிற வயது!

அந்தப் படத்தின்படி ஒரு மித அட்சப் புயல் எப்படி நடக்கிறது? வடக்கே துருவப் பக்கத்துக் குளிர்காற்று, தெற்கே வெப்ப மண்டலப் பக்கத்துக் காற்று. இரண்டும் உரசும் கோட்டில் ஒரு சின்ன அலை கிளம்புகிறது. அலையின் ஒரு கை, வெப்பக் காற்றை முன்னே தள்ளுகிறது. அது வெப்ப முகம். இன்னொரு கை, பின்னாலிருந்து குளிர்காற்றைக் கொண்டுவருகிறது. அது குளிர் முகம். நடுவில் அழுத்தம் குறைந்து முழு அமைப்பும் சுழல ஆரம்பிக்கிறது. அகலம் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் கூட இருக்கும்.

மான்செஸ்டரில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து இதைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மிக உயரத்தில் இறகு போன்ற மேகம். பிறகு வானம் பால் ஊற்றியது போல வெளுத்து, சூரியனைச் சுற்றி வட்டம் கட்டும். வெப்பக் காற்று லேசானது. குளிர்காற்றின் முதுகின் மேல் மெதுவாகச் சரிந்து ஏறுகிறது. ஏற்றம் ரொம்பச் சாய்வு என்பதால் மேகம் பரவலாக, மழை பிசுபிசுவென்று மணிக்கணக்காக இருக்கும். வெப்ப முகம் கடந்ததும் கொஞ்ச நேரம் புழுக்கம். அதற்குப் பிறகு குளிர் முகம் வருகிறது. கனமான குளிர்காற்று ஆப்பு போல அடியில் நுழைந்து வெப்பக் காற்றைச் சட்டென்று தூக்கி எறிகிறது. உயர்ந்த மேகம், சடசடவென்று மழை, சில சமயம் இடி. காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும், வெப்பம் இறங்கும், வானம் துடைத்து விட்டது போலத் தெளியும். கடைசியில் பின்னால் வந்த குளிர் முகம் முன்னால் போன வெப்ப முகத்தை எட்டிப் பிடித்துவிடும். தரையில் வெப்பக் காற்றே மிச்சமில்லாமல் போனதும் புயல் சில நாட்களில் ஓய்ந்துவிடும்.

நம் வங்கக்கடல் புயல் இந்த ஜாதியே இல்லை. அதற்குள் சண்டை போட இரண்டு காற்றுத்திரள்கள் கிடையாது. ஒரே சூடான, ஈரமான காற்று; கடலின் வெப்பம்தான் சாப்பாடு. வளிமுகம் எதுவும் இல்லாமல், நடுவில் சூடான மையத்தோடு சுழலும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சைக்ளோன் என்ற சொல்லே பிறந்தது கல்கத்தாவில்தான். ஹென்றி பிடிங்டன் 1848-இல் வெளியிட்ட மாலுமிகளுக்கான புத்தகத்தில் இருக்கிறது. வங்கக்கடல் புயலைப் பார்த்து வைத்த பெயர், ஐரோப்பியப் புயலுக்கும் ஒட்டிக்கொண்டு இன்று வரை மாணவர்களைக் குழப்புகிறது.

மான்செஸ்டர் சும்மா உதாரணத்துக்கு வரவில்லை. ஆர்.கே.பேட்டைத் தறிக்கும் அந்த ஊர் மழைக்கும் பழைய பகை உண்டு.

அட்லாண்டிக்கிலிருந்து வரிசையாக வரும் இந்த மித அட்சப் புயல்கள் இங்கிலாந்தின் மேற்குக் கரையை ஈரமாகவே வைத்திருக்கும். பென்னைன் மலைத்தொடர் குறுக்கே நிற்பதால் லங்காஷயர் பக்கம் ஈரம், மலைக்கு அப்பால் யார்க்ஷயர் பக்கம் அதைவிட வறட்சி. இத்தனைக்கும் மான்செஸ்டரில் வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் சுமார் 1,400. ஆனால் சென்னை தன் பங்கைச் சுமார் அறுபது நாளில் கொட்டித் தீர்த்துவிடும். மான்செஸ்டர் நூற்றைம்பது நாள் சிணுங்கிக்கொண்டே இருக்கும். பருத்தி நூலுக்கு வேண்டியது இந்தச் சிணுங்கல்தான். காற்றில் ஈரப்பதம் நல்ல அளவில் இருந்தால் பருத்தி இழை மெத்தென்று வளையும், உறுதியும் கூடும். வறண்டால் படபடவென்று அறும். லங்காஷயரில் பஞ்சாலைகள் குவிந்ததற்கு இந்த ஈரக்காற்றும் ஒரு காரணம் என்று பழைய பூகோளப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அதை முழுதாக நம்பிவிட வேண்டியதில்லை. நிலக்கரி, லிவர்பூல் துறைமுகம், அடிமைகளின் உழைப்பில் விளைந்த அமெரிக்கப் பருத்தி, இந்தியத் துணிக்கு எதிரான வரி இவையெல்லாம் இல்லாமல் வெறும் தூறலை வைத்து உலகச் சந்தையைப் பிடிக்க முடியாது. ஆனாலும் ஈரம் ஒரு பொருட்டாக இருந்தது உண்மை. இயற்கை ஈரம் போதாத நாட்களில் அங்கே தறிக்கூடத்துக்குள் நீராவியைச் செலுத்தினார்கள். 1860-களின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் நல்ல பருத்தி வராமல் போனபோது, மட்டமான நூலில் சீனக் களிமண் கலந்த கஞ்சியை அப்பி நெய்தார்கள். அதற்கு ஈரம் இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. நனைந்த காற்றைச் சுவாசித்துத் தொழிலாளர்கள் நோயில் விழுந்தார்கள். அதற்கு வரம்பு கட்ட 1889-இல் தனிச் சட்டமே வர வேண்டியிருந்தது.

இங்கே அந்த வேலையைச் செய்தது குழித்தறி. நெய்பவர் குழிக்குள் காலை வைத்துத் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். குழியின் மண் ஈரம் மெல்ல ஏறிப் பாவைக் காய விடாமல் வைத்திருக்கும். டாக்கா மஸ்லின் நூலை விடியற்காலையில், காற்றில் ஈரம் இருக்கும்போதே நூற்றார்கள் என்பதும் இதே கணக்கு. லங்காஷயர் நீராவிக் குழாயில் செய்ததை இவர்கள் ஒரு பள்ளத்தில் செய்துவிட்டார்கள்! என்ன, கார்த்திகை மழையில் அதே குழிக்குள் தண்ணீர் ஊறி நின்றுவிடும். அப்புறம் வடியும் வரை தறி சும்மாதான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இதில் இன்னொரு சுவையான இடம் இருக்கிறது. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் எடை ஏறும். நூலோ எடைக்கு விற்கப்படுகிறது. அப்படியானால் கொண்டல் அடிக்கிற நாளில் நூல் வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறாரா? இந்தச் சண்டை பெரிதாகித்தான் மான்செஸ்டர் வணிகர் சங்கம் 1895-இல் ஒரு சோதனைச் சாலையே திறந்தது. உலர்ந்த பருத்தி எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருக்கலாம் என்பது வியாபார வழக்கமாக நிலைத்தது. 100 கிலோ உலர்ந்த பருத்தி 108.5 கிலோவாக விலை போகலாம். அதற்கு மேல் இருப்பது தண்ணீர் வியாபாரம். ஒரு காற்றுத்திரள் கணக்குப் புத்தகத்தில் பற்று வரவாகப் பதிவாகிற இடம் இதுதான் போலிருக்கிறது.

சரி, இந்த மித அட்சப் புயலெல்லாம் இந்தியாவுக்கு வருமா? வரும். அதற்கு இங்கே மேற்கத்திய இடையூறு என்று பெயர். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கம் கருவாகி, மேலடுக்கில் ஓடும் மேற்கு ஜெட் காற்றோட்டத்தின் மேல் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் காஷ்மீரை வந்து தொடும். டிசம்பர் முதல் மார்ச் வரை மாதத்துக்கு நான்கைந்து சாதாரணம். இமயமலையில் பனி கொட்டுவதும், பஞ்சாப் கோதுமைக்குக் குளிர்கால மழை கிடைப்பதும் இதனால்தான். அந்த மழையை வடக்கே மஹாவட் என்று கொண்டாடுவார்கள். பஞ்சாப் சப்பாத்தியில் மத்தியதரைக் கடல் தண்ணீர் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் முழுப் பொய் ஆகாது.

அதுவே வேளை தவறி வந்தால் விபரீதம். 2013-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி, ஜூன் 16-ஆம் தேதியே நாடு முழுவதையும் எட்டிவிட்டது. வங்கக்கடல் ஈரத்தோடு வந்த அந்த அமைப்பும், மேற்கிலிருந்து வந்த குளிர்ந்த காற்றின் பள்ளமும் உத்தராகண்ட் மலைகளுக்கு மேலே சந்தித்தன. ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான உயிர்கள். 2023 ஜூலையில் இமாச்சலப் பிரதேசத்தை உருட்டிய வெள்ளத்திலும் இதே மாதிரியான சந்திப்புதான். இரண்டு காற்றுத்திரள்களில் எதுவும் தனியாக வந்திருந்தால் இவ்வளவு சேதம் இருந்திருக்காது.

தமிழ்நாடு இவ்வளவு தெற்கே இருந்தும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. 2013 டிசம்பரில் மாதி என்றொரு புயல் வங்கக்கடலில் உருவானது. வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே தீவிரமானது. பிறகு வடக்கேயிருந்து வந்த உலர்ந்த காற்று அதன் வயிற்றுக்குள் நுழைந்தது. கடலும் அங்கே அவ்வளவு சூடாக இல்லை. மேலடுக்குக் காற்று வேறு அதைச் சாய்த்தது. புயல் பலவீனமாகி, வந்த வழியிலேயே தென்மேற்காகத் திரும்பி, டிசம்பர் 12-ஆம் தேதி வெறும் தாழ்வு மண்டலமாக வேதாரண்யம் அருகே கரையேறியது. ஈரத்தையே உண்டு வாழும் ஒன்றுக்கு வறண்ட காற்றைக் கொடுத்தால் அதுதான் நடக்கும். மார்கழியில் ஒரு புயல் வருமா வராதா என்று கேட்டால் வானிலை ஆய்வாளர்கள் கடலைப் பார்ப்பதோடு வடக்கையும் பார்ப்பது இதனால்தான்.

இனி ஆர்.கே.பேட்டை. இங்கே உண்மையான குளிர் முகம் கிடையாது. ஆனால் அதன் குட்டித் தம்பி ஒருவன் இருக்கிறான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக்காற்று. அது அரபிக்கடலில் கிளம்பும்போது நல்ல ஈரமாகத்தான் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தூக்கிப் பிழிந்து, கேரளத்துக்கும் கர்நாடகக் கரைக்கும் மழையைக் கொடுத்துவிடும். மிச்சக் காற்று பெங்களூர் மேட்டைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்குகிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 10 டிகிரி சூடாகும். 900 மீட்டர் உயரப் பெங்களூரில் 28 டிகிரியில் இருந்த காற்று, 800 மீட்டர் இறங்கி ஆர்.கே.பேட்டைக்கு வந்தால் 36. தமிழ்நாட்டில் அதிக வெயில் பதிவான ஊர்கள் என்று செய்தியில் வேலூரும் திருத்தணியும் அடிக்கடி அடிபடுவதில் இந்தக் காற்றுக்குப் பங்கு உண்டு. வெறும் வெயில் மட்டும் காரணமில்லை.

கிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில் கடல். மதியத்துக்கு மேல் கடற்காற்று சென்னைக்குள் நுழைகிறது. குளிர்ந்தது, ஈரமானது, கனமானது. ஆப்பு போல அடியில் புகுந்து மெல்ல மேற்கே நகர்கிறது. பூந்தமல்லி, திருவள்ளூர் என்று தாண்டி, சில நாட்களில் திருத்தணியையும் எட்டிவிடும். இரண்டு காற்றும் முட்டுகிற கோட்டில் சூடான காற்று மேலே எறியப்படுகிறது. மாலை ஐந்து, ஆறு மணிக்கு நகரி மலைப் பக்கம் திடீரென்று கருமேகம் கோபுரமாக எழுவது பல நாட்களில் இதனால்தான். சென்னையில் 2002-இல் டாப்ளர் ரேடார் வந்த பிறகு இந்தக் கோடு கடற்கரையிலிருந்து கிளம்பி உள்ளே நகர்வதைத் திரையிலேயே பார்க்க முடிகிறது. ஒரு மெல்லிய நூல் மாதிரி தெரியும்!

அந்த நூல் தன் தெருவைத் தொடுகிற நேரம்தான் பெரியவருக்கு வேண்டும். போனில் வரும் நாற்பது சதவீதம் ஒரு பெரிய வட்டாரத்துக்கும் முழு நாளுக்கும் சேர்த்துச் சொல்கிற எண். அதில் தப்பில்லை. ஆனால் காலை ஆறு மணிக்குப் பாவு போட்டுப் பத்து மணிக்குச் சுருட்டுகிறவருக்கு, மாலை ஆறு மணி மழையும் காலை எட்டு மணி மழையும் ஒன்றாகிவிடுமா? மேலண்டைக் காற்று நிற்கும் வரை இடிமழை வராது, அது நின்று இலை அசையாமல் புழுங்க ஆரம்பித்தால் கீழண்டைக் காற்று பின்னாலேயே வருகிறது என்பது அவருடைய கணக்கு. அடிப்படையில் அது வளிமுகக் கணக்கேதான். அதற்காகப் பெரியவர் கணக்கு எப்போதும் பலிக்கும் என்று எழுதினால் அது பொய். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டாலோ, கடலில் ஒரு தாழ்வு நிலை உருவாகி விட்டாலோ வேப்பமரம் ஒன்றும் சொல்லாது. அந்த நாட்களில் செயற்கைக்கோள் படம்தான் உதவும். கிருஷ்ணாபுரம் அணை திறந்து, பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலம் மூழ்குகிற நாட்களும் அவைதான்.

தவறினால் யார் கணக்கில் எழுதுவது? நெசவு கூலிக் கணக்கு. சேலைக்கு இவ்வளவு என்று பேச்சு. பாவு நனைந்த நாளுக்கு, குழியில் தண்ணீர் நின்ற வாரத்துக்கு அதில் இடமில்லை. அடக்கவிலைக் கணக்கியல் வகுப்பில் வேலையற்ற நேரம் என்று ஒரு பாடம் வரும். இயல்பான நேர விரயத்தை உற்பத்திச் செலவில் சேர், இயல்பில்லாததை லாப நட்டக் கணக்குக்கு மாற்று என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதுவோர் பலர். தெருப்பாவில் மழை விழுந்தால் அது இரண்டு கணக்குக்கும் போகாமல் நேராக நெய்பவரின் வீட்டுச் சமையல்கட்டுக்குப் போகிறது. விவசாயத்துக்காவது 2003-லேயே மகபூப்நகர் மாவட்டத்தில் மழைமானியின் அளவை வைத்து இழப்பீடு தருகிற காப்பீடு சோதித்துப் பார்க்கப்பட்டது. மழை குறைந்ததா, பணம் கொடு. வயலைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மழைமானி பொய் சொல்லாது என்பதுதான் அதன் பலம். தறிக்கும் அப்படியொன்று யோசிக்க முடியாதா? தொடர்ந்து இத்தனை நாள் இத்தனை மில்லிமீட்டர் என்று தாண்டினால் இவ்வளவு என்று ஒரு கணக்கு. திருத்தணியில் மழை அளக்கிறார்கள். எண் இருக்கிறது, அதைத் தறியோடு சேர்க்கிற ஆள்தான் வேண்டும்.

அந்தப் புரட்டாசிக் காலையில் ஒன்பதரை மணிக்கெல்லாம் பாவு காய்ந்துவிட்டது. மேலைக்காற்று கொஞ்சம் அதிகமாகவே காய வைத்துவிட்டது. இரண்டு மூன்று இழை அறுந்து, பெரியவரின் மனைவி குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பத்து மணிக்குச் சுற்றி உள்ளே கொண்டு போனார்கள்.

மதியம் மூன்று மணிக்குக் காற்று நின்றது. நான்கரைக்கு வேப்பமரம் மேற்குப் பக்கம் சாய ஆரம்பித்தது. ஆறு மணிக்குக் கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கிய பேத்தி புத்தகப் பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். தாத்தா தறிக் குழிக்குப் பக்கத்தில் மண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது சதவீதம்னு சொன்னேன்ல தாத்தா?"

"சொன்னேம்மா. அந்தக் கோணியை இங்க எடுத்துப் போடு. தண்ணி வாசப்படி ஏறுது."